எழுபது கடந்தார்க்குப் பிழையில்லை

ஐப்பசித் திங்கள் முழுமதி நாள். மேற்கே புன்னைத் தோப்புகளுக்கு அப்பால் செங்கதிரோன் முழுவதும் மறைவதற்குள்ளாகவே கிழக்கில் வெண்ணிலா அவசரப்பட்டு எழுந்துவிட, அவ்விரு ஒளிகளுக்கும் நடுவே இரு கரையும் தொட்டுப் பெருகிக்கொண்டிருந்தது வெள்ளாறு. மழைக்காலத்துப் புதுவெள்ளம் மாணிக்குன்றக் கோட்டையின் கருங்கல் மதிலை உரசிக்கொண்டும், நீர்வாயிலின் படித்துறையில் படிப்படியாக ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டும், கரையோரத் தாழம்புதர்களைத் தலைகுனியச் செய்துகொண்டும் கீழைக்கடலை நோக்கி விரைந்தது. கூடு திரும்பும் நாரைகளின் வெண்சிறகுகளில் ஒருபுறம் செம்மையும் மறுபுறம் வெண்மையுமாக ஒளி படிந்திருந்தது.

இத்தனை அழகையும் அன்று அந்தப் படித்துறையில் கூடியிருந்த முந்நூறு பேரில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் ஒரு பெண்ணை யானைக்காலில் இடுவது பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட வேலையில் இறங்கியவர்களுக்கு நிலவு தெரியுமா, நாரை தெரியுமா?

அந்த விசாரணையைப் பற்றிச் சொல்லப் புகுமுன், அன்பார்ந்த வாசகர்களே, மாணிக்குன்றத்தின் வழக்கம் ஒன்றை நீங்கள் அறிய வேண்டும். நீர்வாயிலின் நிலைக்கல்லிலேயே அது வெட்டப்பட்டிருந்தது. 'பதினாறு நிரம்பாதார்க்கும் எழுபது கடந்தார்க்கும் பிழை சாராது' என்பதே அது. எந்தப் புண்ணியவான் எந்த நல்ல எண்ணத்தில் வெட்டி வைத்தானோ, அவன் நன்றாக இருக்கட்டும்! அவன் வெட்டியது ஒரு வரி. மாணிக்குன்றத்தார் அதிலிருந்து படித்துக்கொண்டது ஒன்பது வரி. சிறு பிள்ளை செய்தால் விளையாட்டு, கிழவர் செய்தால் மறதி, நடுவிலே இருப்பவன் செய்தால் மட்டும் கொடும்பாதகம் என்று அவர்கள் மனத்தில் உறைந்துபோயிருந்தது. முந்திய மாதம் கோட்டைக்கு உரியவரான அரையரின் பதினைந்து வயது மகள் பொழுதுபோகாமல் போர்முரசை அறைந்துவிட்டாள். கோட்டை முழுவதும் கவசமும் வாளுமாக ஓடி, இருவருக்குக் கால் முறிந்தது. "குறும்புக்காரக் குழந்தை!" என்று எல்லோரும் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, முரசை எட்டும் உயரத்தில் தொங்கவிட்டதற்காக முப்பத்தெட்டு வயது முரசுக்காவலனுக்குப் பன்னிரண்டு கசையடி கொடுத்தார்கள். இந்தக் கதையைச் சொல்லும் நானும் நாற்பதைத் தாண்டியவன். நடுவயதுக்காரனுக்கு நாதியில்லை என்பதை எனக்கு யாரும் கல்லில் வெட்டிக் காட்ட வேண்டியதில்லை.

இனி வழக்குக்கு வருவோம்.

மாணிக்குன்றத்து அரையர் வடக்கே போருக்குப் போயிருந்தார். போகுமுன் தம் பகைவரும் குன்றூர்ச் சிற்றரசருமான வேளைச் சிறைப்பிடித்து, நீர்வாயிலை அடுத்த மண்டபத்தில் காவலில் வைத்துவிட்டுப் போனார். அன்று காலை மண்டபத்துக்கு உணவு கொண்டுபோனவர்கள் போர்வையை விலக்கிப் பார்த்தபோது, அதற்குள் வேள் இல்லை, வைக்கோல்தான் இருந்தது. நீர்வாயிலுக்குத் திறவுகோல் ஒன்றே ஒன்று. அது பரவைநங்கையிடம் இருந்தது. தந்தைக்குப் பின் ஐந்தாண்டுகளாக நீர்வாயில் காவலை ஏற்று நடத்திவந்த அந்தப் பெண்மணிக்கு வயது முப்பத்திரண்டு. கூர்மையான கண்களும், அவற்றைவிடக் கூர்மையான நாவும் உடையவள். மணம் பேசி வந்தவர்கள் எல்லோரும் அவளோடு சேர்த்து நீர்வாயில் அதிகாரத்தையும் சீதனமாகக் கேட்டதால், அவள் யாருக்கும் தலையசைக்கவில்லை. அதுவே ஊரில் பலருக்கு அவள்மேல் இருந்த முதல் குற்றச்சாட்டு.

குடவோலையிட்டுத் தேர்ந்த எழுவர் அவையில் தலைவராக வீற்றிருந்தவர் நக்கனார். வயது அறுபத்தெட்டு. அவருக்குப் பக்கத்தில் மீசையை முறுக்கியபடி அமர்ந்திருந்தவர் கோட்டைத் தண்டநாயகர் மழவர். நீர்வாயில் காவலர் இருவரும் "அன்றிரவு ஆள் யாரும் வாயிலைக் கடக்கவில்லை" என்று சத்தியம் செய்துவிட்டார்கள்.

"பரவைநங்கை! திறவுகோல் உன் தலையணைக்கு அடியிலேயே இருந்ததாகச் சொல்கிறாய். அப்படியானால் வாயிலைத் திறந்தது யார்?" என்று கேட்டார் நக்கனார்.

"அறியேன், ஐயா. மூன்று நாளாகத் தலைவலி. மருந்துண்டு உறங்கினேன். விழித்தபோது பொழுது விடிந்திருந்தது."

"உறங்கினாளாம்!" என்று உறுமினார் மழவர். "முப்பத்திரண்டு வயது! எல்லாம் தெரிந்த வயது! பச்சைப் பிள்ளையா, உறங்கிப்போவதற்கு?"

"முப்பத்திரண்டு வயதில் உறங்கக்கூடாது என்று எந்தக் கல்லில் வெட்டியிருக்கிறது, தண்டநாயகரே?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார். மழவரின் மீசை துடித்தது. அந்த ஒரு வாயாலேயே அவள் தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள் என்று பக்கத்திலிருந்த பெண்கள் முணுமுணுத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, ஊன்றுகோலும் வெண்தாடியுமாக ஒரு முதியவர் அவைமுன் வந்து நின்றார். அவரைக் கண்டதும் எழுவரும் இருக்கையிலிருந்து பாதி எழுந்தார்கள். அவர்தாம் மருத்துவர் காடனார். எட்டு மாதத்துக்கு முன் கோட்டைக்கு வந்து சேர்ந்தவர். தமக்கு எழுபத்து நான்கு வயது என்று சொல்லிக்கொண்டவர். சிறையிலிருந்த வேளுக்கும் சரி, தண்டநாயகரின் இல்லத்தாருக்கும் சரி, அவரே நாடி பார்த்து மருந்து கொடுத்துவந்தார்.

"அவையோரே, இந்தப் பெண்மேல் குற்றம் இல்லை. வேளைத் தப்புவித்தவன் நான்" என்றார் காடனார், உரத்த குரலில்.

நக்கனாரின் முகம் வெண்ணெயாக உருகியது.

"பெரியவருக்கு ஓர் இருக்கை போடுங்கள். யாரங்கே, மோர் கொண்டுவாருங்கள்!"

"மோர் வேண்டாம். நான் குற்றம் செய்தவன் என்கிறேன்."

"வெயிலில் நின்றிருக்கிறார், பாவம்" என்றார் மழவர்.

வெயிலாவது! நிலா எழுந்து ஒரு நாழிகை ஆகிறது!

வாசகர்களே, காடனாருடைய உள்ளத்தை இப்போது உங்களுக்குத் திறந்து காட்டாமல் இருப்பது நியாயமாகாது. அவர் ஒரு திட்டத்தோடுதான் வந்திருந்தார். அன்று விடியுமுன் குன்றூர் வேளைப் படகில் ஏற்றிவிட்டபோது, "நீயும் ஏறு" என்று வேள் கையைப் பிடித்து இழுத்தார். "எனக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, பிரபு" என்று காதோடு சொல்லிக் கரையிலேயே நின்றுவிட்டார் காடனார். திறவுகோல் பரவையிடம் இருந்தது. பழி அவள்மேல்தான் விழும். ஆகவே தாமே வந்து குற்றத்தை ஒப்புக்கொள்வது, எழுபது கடந்தார்க்குப் பிழை சாராது என்ற வழக்கத்தால் தமக்கும் தண்டனை கிடையாது, அவளும் தப்புவாள், பிறகு இரண்டு நாளில் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு கோட்டை வாயில் வழியாகவே நடந்துபோய்விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். பாம்பும் சாகாது, கோலும் முறியாது. எட்டு மாதம் ஒற்றனாக இருந்தவனுக்கு இதைவிட நல்ல திட்டம் தோன்றாது. ஆனால் பிழை சாராத கிழவனுடைய சொல்லும் எங்கும் சாராது என்பதை அந்த மகா புத்திசாலி எண்ணிப் பார்க்கவில்லை.

"பெண்ணுக்கு மருந்து கொடுத்தவனே நான்தான்" என்று காடனார் மீண்டும் தொடங்கினார். "தலைவலிக் கசாயத்தில் ஊமத்தை விதையை அரைத்துக் கலந்தேன். அவள் மயங்கி உறங்கியதும் திறவுகோலை எடுத்தேன். வேலை முடிந்ததும் திரும்ப வைத்தேன்."

இப்போது எழுவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 'அப்பாடா, புரிந்துவிட்டது' என்று காடனார் மூச்சு விட்டார்.

"கேட்டீர்களா?" என்றார் நக்கனார், சக அவையோரிடம். "வயதான காலத்தில் கண் தெரியாமல் ஏதோ ஒரு விதையை அரைத்துப் போட்டிருக்கிறார். கை நடுக்கத்தில் அளவும் தப்பியிருக்கும். அதை எண்ணி எண்ணி மனம் புழுங்குகிறார்."

"கண் எனக்கு நன்றாகத் தெரிகிறது! அதோ அந்த மூன்றாவது நாரையின் அலகில் இருக்கும் மீனைக்கூடச் சொல்வேன்!"

"நாரையா? எங்கே?" என்று மழவர் வானத்தைத் துழாவிவிட்டு, வருத்தத்தோடு தலையசைத்தார். "எப்படியும் குற்றம் இந்தப் பெண்ணுடையதுதான். தள்ளாத வயதுக்காரர் கலக்கிக் கொடுத்த கசாயத்தை வாங்கிக் குடிக்கலாமா? முப்பத்திரண்டு வயதில் அந்த விவேகம் இருக்க வேண்டாமா?"

காடனார் ஊன்றுகோலைப் படியில் ஓங்கித் தட்டினார். அவருக்கு வந்த ஆத்திரத்தில் கோல் இரண்டாகப் பிளந்தது. அந்த வலிமையைக் கண்டும் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. கோலைச் செய்த தச்சனைத்தான் திட்டினார்கள்.

"கேளுங்கள்! நான் குன்றூர் வேளின் ஒற்றன்! அவர் உப்பைத் தின்றவன்! அவரை மீட்கவே எட்டு மாதம் இந்தக் கோட்டையில் நடித்தேன்! இதற்கு மேல் எப்படிச் சொல்வது?"

மழவரின் கண்கள் கலங்கிவிட்டன. "என் தகப்பனாரும் இப்படித்தான். கடைசி இரண்டு ஆண்டு தம்மை ஈழத்து அரசன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் வணங்கி வணங்கித் திறை கட்டினோம்" என்று சொல்லி மேலாடையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பேத்தி போன்ற பெண்ணைக் காப்பாற்ற என்னவெல்லாம் சொல்கிறார், பாருங்கள்! என்ன பாசம்! என்ன பாசம்!"

கூட்டத்திலிருந்த பெண்கள் விசும்பத் தொடங்கினார்கள். அழுதவர்களில் ஒருத்திகூடப் பரவைக்காக அழவில்லை.

பரவை மட்டும் அழவில்லை. அவள் காடனாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதமாக மாலைதோறும் நீர்வாயில் படியில் அவரோடு தாயக்கட்டை உருட்டியவள் அவள். வேறு யாரிடமும் சொல்லாததையெல்லாம் அவரிடம் சொல்லியிருந்தாள். மணம் கேட்டு வந்த மூடர்களின் கதைகளைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். தந்தை இறந்த இரவைச் சொல்லி அழுதிருக்கிறாள். "தாத்தா, தாங்கள் ஒரு நாற்பதாண்டு தாமதமாகப் பிறந்திருக்கக் கூடாதா?" என்று ஒரு நாள் விளையாட்டாகக் கேட்டபோது, காடனார் தாயக்கட்டைகளை ஆற்றில் நழுவவிட்டார். கிழவருக்குக் கை நடுக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

"அவையோரே" என்றாள் பரவை இப்போது. "அவர் சொல்வது உண்மையானாலும் சரி, பொய்யானாலும் சரி. அவரை இன்னும் நிறுத்தி வைத்துக் கேலி செய்யாதீர்கள். மருந்தில் ஏதேனும் கலந்திருந்தாலும் நான் அவரை எப்போதோ மன்னித்துவிட்டேன். தாத்தா, வீட்டுக்குப் போங்கள். பனி விழுகிறது."

அந்தச் சொல் காடனாரைச் சுட்டது போல வேறெந்தச் சொல்லும் சுடவில்லை.

நக்கனார் ஓலையை எடுத்துக்கொண்டார். "பரவைநங்கை சிறையாளியைத் தப்புவித்த குற்றத்துக்காகப் பொழுது புலர்ந்ததும் யானைக்காலில் இடப்படுவாள். இது அவையின்..."

"நிறுத்துங்கள்!"

அந்தக் குரல் கிழவனுடைய குரலாக இல்லை. காடனார் இரண்டே தாவலில் படித்துறையின் கடைசிப் படிக்கு இறங்கி, ஆற்றை முதுகுக்குப் பின் வைத்து நின்றார். வெள்ளம் அவர் கணுக்காலை நனைத்தது. இரு கைகளாலும் தாடியைப் பற்றினார். வேலம்பிசினால் ஒட்டிய தாடி அது. நாள்தோறும் விடியுமுன் புதிதாக ஒட்டுவது வழக்கம். வெந்நீர் இல்லாமல் எடுத்தால் தோலும் கூடவே வரும். அதையெல்லாம் நினைக்க நேரமில்லை. பிடுங்கினார். பிறகு சடைமுடியைப் பிடுங்கினார். பிறகு முகத்தை ஆற்றுநீரில் முக்கி எடுத்து, சுருக்கங்கள் வரைந்திருந்த கடுக்காய்ச் சாயத்தைத் தேய்த்துக் கழுவினார்.

நிலவொளியில் நிமிர்ந்து நின்றவன், கருகருவென்ற குடுமியும் பிசின் பிய்த்த இடத்தில் இரத்தம் கசியும் கன்னங்களுமாக, ஆறடி உயரத்து வாலிப வீரன்!

"என் பெயர் ஏறன் விடங்கன். வயது முப்பத்து நான்கு. இப்போதாவது என் பேச்சு உங்கள் காதில் ஏறுகிறதா?"

எட்டு மாதமாக ஒருவன் ஊரையே எப்படி ஏமாற்றினான் என்று நீங்கள் கேட்கலாம். கிழவனுடைய முகத்தை யார் ஐயா உற்றுப் பார்க்கிறார்கள்? தாடியைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள், அவ்வளவுதான்.

அடுத்த கணம் படித்துறையில் எழுந்த கூச்சல் வெள்ளாற்றின் இரைச்சலை அமுக்கிவிட்டது.

"ஒற்றன்! ஒற்றன்!" என்று அலறினார் நக்கனார். "ஊமத்தை கலந்தேன் என்று அவனே சொன்னானே! என்ன நெஞ்சழுத்தம்!"

"என் மனைவியின் நாடியைப் பிடித்தானே, பாதகன்!" என்று மழவர் துள்ளினார். "வாரம் இருமுறை பிடித்தானே! என்னை அவையிலே 'அடே பயலே' என்று அழைத்தானே! நான் குனிந்து ஆசி வேறு வாங்கினேனே!"

"ஆடிப்பூரப் பொங்கல் மூன்று தொன்னை தின்றான்!" என்று கோயில் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அன்று அந்த மூன்றாவது தொன்னையை ஊட்டிவிட்டவரே அவர்தான்.

காவலர்கள் வேல்களோடு படியிறங்கினார்கள். விடங்கன் கையை உயர்த்தினான்.

"இன்னும் ஒரு படி இறங்கினால் ஆற்றில் பாய்ந்துவிடுவேன். பிறகு வேள் எந்த வழியாக வெளியேறினார் என்பதை நீங்கள் ஏழு பிறவிக்கும் அறியப்போவதில்லை. நாளைக்கு அதே வழியாகக் குன்றூர்ப் படையே உள்ளே வரலாம். அந்த வழியைச் சொல்கிறேன். அதற்கு முன், பரவைநங்கை குற்றமற்றவள் என்று ஓலை எழுதி, அவை முத்திரை இட்டு, உரக்கப் படியுங்கள்."

நக்கனார் மழவரைப் பார்த்தார். மழவர் ஆற்றைப் பார்த்தார். குன்றூர்ப் படை என்ற சொல் வேலை செய்தது. ஓலை எழுதுபவன் அழைக்கப்பட்டான்.

அந்த மனிதன் ஓலையைத் தேர்ந்தெடுத்தான், ஓரம் நறுக்கினான், எழுத்தாணியைக் கூர் பார்த்தான், பிள்ளையார் சுழி போட்டான். வெள்ளம் விடங்கனின் கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு ஏறிவிட்டது. வேல்முனைகள் நான்கு முழத் தூரத்தில் நிலவில் மின்னின. இடது மதில்மேல் வில்லாளிகள் இருவர் ஓசையின்றி ஏறுவதையும் அவன் கண்டான். அப்போதே பாய்ந்திருந்தால் அவன் உயிருக்கு ஒரு கேடும் இல்லை. எழுத்தாணி நகரும் கீச்சொலியைக் கேட்டபடி அசையாமல் நின்றான். அவன் கண்கள் பரவையின் முகத்தைத் தேடின. அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"'...ஆதலால் மேற்படி பரவைநங்கை பிழையற்றவள், நீர்வாயில் காவல் முன்போல அவளுடையது'" என்று நக்கனார் படித்து முடித்து முத்திரையிட்டார். அவள் கைக்கட்டு அவிழ்க்கப்பட்டது. "சொல், பாதகா! எந்த மறைவழி?"

"மறைவழி ஒன்றும் இல்லை, ஐயா" என்றான் விடங்கன். "நாடி பார்க்கப் போன இடத்தில் வேளுக்கும் ஒரு வெண்தாடி ஒட்டினேன். இருவரும் நீர்வாயிலுக்கே வந்தோம். நங்கையின் திறவுகோலை நீட்டி, விடியுமுன் அக்கரையில் மூலிகை பறிக்க வேண்டும் என்றேன். தாழ்ப்பாள் கனமாக இருக்கிறதே, பெரியவர்களுக்கு மூச்சு வாங்குமே என்று உங்கள் காவலர்களே அதை இழுத்துத் திறந்தார்கள். படியில் வழுக்குமே என்று விளக்கும் பிடித்தார்கள். வேளைக் கைத்தாங்கலாகப் படகில் ஏற்றியவனே அதோ நிற்கிற அந்தக் குட்டைக் காவலன்தான்! ஆள் யாரும் கடக்கவில்லை என்று அவர்கள் சொன்னது பொய்யல்ல. இரண்டு கிழவர்களை அவர்கள் ஆளாகவே கணக்கிடவில்லை."

இன்னும் இரண்டு ஆண்டில் தமக்கும் எழுபது ஆகப்போகிறது என்பது நக்கனாருக்கு அந்த நேரத்தில் ஏனோ நினைவுக்கு வந்தது.

பரவை கூட்டத்தைப் பார்க்காமல், வேல்களை ஒரு கையால் விலக்கிவிட்டு, படிகளில் இறங்கி வந்தாள். விடங்கனுக்கு இரண்டு படி மேலே நின்றாள்.

"கசாயம் கொடுத்தது எந்தக் கை?" என்று கேட்டாள்.

அவன் வலது கையை நீட்டினான்.

"சற்று முன்பு, ஒரு கிழவர் ஊமத்தை கலந்தேன் என்று சொன்னார். பாவம், என்ன துன்பமோ என்று நான் மன்னித்தேன். இப்போது இந்தக் கையை முறித்து ஆற்றில் எறிய வேண்டும் போல் இருக்கிறது."

"அதே கைதான், நங்கையே. அதே கசாயம்தான்."

"தெரியும்!" அவள் குரல் உடைந்தது. "அது தெரிவதால்தான் எனக்கு ஆத்திரம். அந்த மூடர்கள் எழுவரையும் நான் இவ்வளவு நேரம் மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது பார்த்தால் நான் எட்டாவது ஆள்! எட்டு மாதம் உன்னிடம் என்னவெல்லாம் சொன்னேன்! ஒரு வாலிபனிடம் சொல்லக்கூடியதா அது? நீ கேட்டுக்கொண்டு இருந்தாயே!"

"முதல் மாதம் வேளுக்காகக் கேட்டேன். மற்ற ஏழு மாதமும் எனக்காகக் கேட்டேன். இன்று படகில் இடம் இருந்தது. ஏறவில்லை."

மதில்மேல் வில்நாண் இழுபடும் ஓசை கேட்டது. பரவை அதைக் கேட்டாள். கேட்டதும் ஒரு படி இறங்கி, மதிலுக்கும் அவனுக்கும் குறுக்கே நின்றுகொண்டாள். வில்லாளிகள் திகைத்து மழவரைப் பார்த்தார்கள். சற்று முன்தான் பிழையற்றவள் என்று முத்திரையிட்ட பெண்ணின்மேல் எப்படி அம்பு எய்வது?

"விலகு, பெண்ணே!" என்று கத்தினார் மழவர்.

"சூழ்ச்சிக்காரனே, கேள்" என்றாள் பரவை, அவர் பக்கம் திரும்பாமலே. "உன்னை நான் மன்னிக்க மாட்டேன். முப்பத்து நான்கு வயதுக்காரனை மன்னிக்க என்னால் ஆகாது. இந்த ஊர்த் தண்ணீர் என் உடம்பிலும் ஓடுகிறது. வெள்ளாற்றின்மேல் ஆணையாகச் சொல்கிறேன். எழுபது நிரம்பிய மறுநாள் இந்தப் படித்துறைக்கு வா. தாடி தானாக நரைத்திருக்க வேண்டும். அன்று இந்த ஊர் வழக்கப்படி மன்னிக்கிறேன். அதற்கு ஒரு நாள் முன்னால் வந்தாலும் நானே பிடித்து யானைக்காலுக்குக் கொடுப்பேன்!"

விடங்கன் இரத்தம் கசியும் முகத்தோடு அவளை அண்ணாந்து பார்த்தான்.

"முப்பத்தாறு ஆண்டுகள், நங்கையே! ஒற்றன் பிழைப்பு. அதுவரை நான் உயிரோடு இருப்பேன் என்பதற்கு என்ன நிச்சயம்?"

"இருந்தாக வேண்டும்" என்றாள் பரவை. இப்போது அவள் அழுதுகொண்டிருந்தாள். "அதுதான் உமக்கு நான் விதிக்கும் தண்டனை."

"ஆணை!" என்றான் விடங்கன். கை குவித்து வணங்கினான். அடுத்த நொடியில் வெள்ளாறு அவனை வாங்கிக்கொண்டது.